நாகையில் நிற்குமா? கிழக்குக் கடலின் பயணியர் கப்பல் வழிகள்

பெங்களூரில் கடல் இல்லை. அல்சூர் ஏரியில் படகு விடுவார்கள். என் பேரப்பிள்ளைகள் அறிந்த கப்பற்பயணம் அவ்வளவுதான். கப்பல் ஏற வேண்டுமானால் கிழக்கே சென்னைக்கோ மேற்கே மங்களூருக்கோ ஒரு இரவு ரயிலில் போயாக வேண்டும். இப்படிக் கடலுக்கு மூவாயிரம் அடி மேலே உட்கார்ந்துகொண்டு இவர் ஏன் கப்பலைப் பற்றி எழுதுகிறார் என்று மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கலாம். காரணம் என் தாயார்.

2022ஆம் ஆண்டு கோடையில் என் மகன் ஒரு வண்ணத் துண்டறிக்கையைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தான். சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல். நீச்சல் குளம், நாடக அரங்கு, பதினோரு மாடி, வேளைக்கு வேளை விருந்து. குடும்பத்தோடு போகலாம் என்றான். அம்மாவுக்கு அப்போது வயது 84. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, இது நம்மூர்ல நிக்குமா?"

"இல்லம்மா, நாகையில நிக்காது."

"பினாங்கு போவுமா?"

"போகாது. ரெண்டு நாள் நடுக்கடல்ல சுத்திட்டு மறுபடி மெட்ராசுக்கே வந்துடும்."

அம்மா தாளை மடித்து வைத்தார். "எங்கயும் போவாம திரும்பி வர்றதுக்கு எதுக்குடா கப்பலு? வண்டியை நம்ம தெருவுலயே ரெண்டு சுத்து சுத்தினாப் போதாதா?" என்றார்.

மகன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா கேட்டது ஒரு வரலாற்றுக் கேள்வி. ஒரு காலத்தில் நம் கடற்கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்குப் போகுமிடம் என்று ஒன்று இருந்தது. நின்று போகும் துறைகள் இருந்தன. அந்தத் துறைகளின் பட்டியல் எப்படி நீண்டது, எப்படிச் சுருங்கியது என்பதைத் தெரிந்த அளவில் சொல்ல முயல்கிறேன்.

துறைகளின் பட்டியல் என்பது நமக்குப் பழைய சங்கதி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு சோழக் கடற்கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என மூன்று துறைகளைக் குறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினம், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு, மரக்காணம் என்று அறிஞர் பலர் இவற்றை அடையாளம் காண்பர். கரையோரமாகச் செல்லும் கலங்கள், கட்டுமரம் போலப் பிணைத்த கலங்கள், கங்கைக்கும் பொன்னாடு எனப்பட்ட கீழ்த்திசை நாடுகளுக்கும் செல்லும் பெருங்கலங்கள் என்று மூவகைக் கலங்களையும் அந்நூல் பிரித்துச் சொல்கிறது. ஆக, நீண்ட தூரப் பயணத்துக்கு ஒரு கலம், பக்கத்துத் துறைக்கு வேறொரு கலம் என்ற பாகுபாடு அன்றே இருந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது தேவைப்படும்.

இன்னொரு பட்டியல் கல்லில் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டை ஒட்டி அனுப்பிய கடற்படை சென்ற இடங்களை அவனது மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று பதின்மூன்று பெயர்கள். மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார், இலாமுரி சுமத்திராவின் வடமுனை, கடாரம் மலேசியாவின் கெடா. நம்மவர் மேடைகளில் இதை வெற்றிப் பட்டியலாக முழங்குவார்கள். போர்ப் பட்டியல்தான், மறுக்கவில்லை. ஆனால் போகும் வழி தெரியாமல் யாரும் படை அனுப்ப முடியாது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்பியிருந்தனர். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை அந்தக் கொடையைச் சொல்பவையே. வணிகர் போய்வந்த தடத்தில்தான் படை போயிற்று.

பின்னாளில் நாகூர், நாகை மரைக்காயர்கள் அதே தடத்தில் சென்றனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்காக்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. உடல் நாகூரில் அடக்கமாயிருக்க, நினைவுக்கு இரண்டு துறைகளில் கட்டடம். கப்பல் அடிக்கடி போய்வராத ஊரில் இப்படி ஒன்றைக் கட்டத் தோன்றுமா?

ரஜூலாவின் காலம்

பாய்மரக் காலம் முடிந்து நீராவிக் கப்பல் வந்ததும் வழிகள் ஒரே கம்பெனியின் கைக்குப் போயின. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, நம் முன்னோர் வாயில் 'பி.ஐ. கம்பெனி'. சென்னையிலிருந்து ரங்கூனுக்கு, சென்னை நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூருக்கு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு என்று அதன் கப்பல்கள் கால அட்டவணைப்படி ஓடின.

இவற்றுள் தமிழர் நெஞ்சில் நின்ற பெயர் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. எட்டாயிரத்துச் சொச்சம் டன். பலர் அது ஒரு பெண் பெயர் என்றே நினைத்திருந்தார்கள். குஜராத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பயணிகளை ஏற்ற ஒரு காலத்தில் அதற்கு உரிமம் இருந்தது. எட்டாயிரம் டன் கப்பலில் ஐயாயிரம் பேர்! மகன் கொண்டுவந்த துண்டறிக்கைக் கப்பல் இதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு பெரியது. அதில் ஏறுவோர் இரண்டாயிரத்துக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ரஜூலாவில் ஒரு ஆளுக்குக் கிடைத்தது ஒரு பாய் விரிக்கிற இடம்தான், அதுவும் ஒருக்களித்துப் படுத்தால்.

அதன் உடன்பிறப்பான ரோனா என்ற கப்பலும் இதே வழியில் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் படைகளை ஏற்றிச் சென்றபோது 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் குண்டுக்கு இரையானது. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அமெரிக்கச் சிப்பாய்கள். நாகப்பட்டினத்துக் கடலில் நங்கூரம் போட்டுத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிய கப்பலில் அத்தனை அமெரிக்கர் உயிர்விட்டனர் என்பதை அங்கே எத்தனை பேர் அறிவார்களோ. ரஜூலாவும் போரில் படை சுமந்தது, ஆனால் தப்பித் திரும்பியது.

நாகையில் கப்பல் கரைக்கு வராது. கடுவையாற்று முகத்தில் அவ்வளவு ஆழம் இல்லை. வெகுதொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகுகளில் ஏறிப்போய்க் கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பிடிக்க வேண்டும். அலை உயரும்போது ஏணியில் கால் வைக்கணும், தாழும்போது வைத்தால் தொலைந்தோம் என்று தாத்தா சொல்வாராம். தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. 1939இல் கடைசியாகக் கப்பலேறினார். அம்மா அப்போது கைக்குழந்தை. போர் வந்தது, மலாயா ஜப்பானியர் கைக்குப் போயிற்று, கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. 1946இல் அவர் திரும்பி வந்தபோது அம்மாவுக்கு எட்டு வயது. படகிலிருந்து இறங்கிவந்த மெலிந்த மனிதரைக் காட்டி "அப்பாடி" என்று பாட்டி சொன்னதும் அம்மா பாட்டியின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். கப்பல் வழி அறுந்தால் ஒரு வீட்டில் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

இந்தக் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது நாம் நெகிழ்ந்து போகிறோம். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த வழிகளை வகுத்தது பயணியின் விருப்பம் அன்று. ரப்பர் தோட்டத்தின் தேவை. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். அவர்களைக் கப்பலேற்றும் வரை தங்கவைக்க ஆவடியிலும், நாகப்பட்டினத்தை அடுத்த பாப்பாகோவிலிலும் முகாம்கள் இருந்தன. நாகை ஏன் கப்பல் நிற்கும் துறையாக இருந்தது என்றால், தஞ்சை, திருச்சி மாவட்டங்களில் ஆள் மலிவாகக் கிடைத்ததால். அக்கரையில் பினாங்கை அடைந்தால் நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் உண்டா என்று பார்த்து, மருந்தடித்து, சில நாள் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். சிங்கப்பூருக்கு ஒரு செயின்ட் ஜான் தீவு. இவையும் ஒரு வகையில் துறைகள்தாம். எந்தத் துண்டறிக்கையிலும் படம் போடாத துறைகள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை மலாயாவுக்குத் தடை செய்த பிறகே அந்த ஆள்கடத்து ஓட்டம் தணிந்தது.

நம் பெங்களூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1834 முதல் இங்கே தளம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் தமிழர் ஏராளம். அல்சூரைச் சுற்றி நம்மவர் குடியேறியதற்கு அப்படையும் ஒரு காரணம். 1900இல் சீனத்துக்கும் முதல் உலகப்போரில் மெசபொட்டேமியாவுக்கும் அந்தச் சிப்பாய்கள் கப்பலில் போனார்கள். கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய்க் கப்பலேறிய அவர்களுக்கு எந்தத் துறையில் இறக்குவார்கள் என்பது இறங்கும்வரை தெரியாது!

தூத்துக்குடியும் தனுஷ்கோடியும்

கப்பல் வழி யார் கையில் என்பதற்காக ஒரு தமிழர் சிறை சென்றார் என்பதை இங்கு வளரும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரனார் பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள், பி.ஐ. கம்பெனியின் நெருக்குதலில் அது கைவிரித்தது. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார். பிறகு சொந்தமாகவே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை 1907இல் கொண்டுவந்து சேர்த்தார். பி.ஐ. கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. இலவசமாக ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்றுகூடச் சொன்னதாகச் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அண்மையில் 2023இல் ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கம்பெனியின் கதையை ஆங்கிலத்தில் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணம் தனுஷ்கோடிக்கு மாறியது. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் போதும். போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்புக் கோட்டை. கோஷன், இர்வின் என்று கவர்னர், வைசிராய் பெயர் கொண்ட கப்பல்கள். கடல் இரண்டு மணி நேரத்துச் சங்கதி. திருச்சிக்காரர் கொழும்புக்குப் போவது பெங்களூருக்கு வருவது போல.

இந்த இடத்தில் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1964 அக்டோபர் 30: சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம்; மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு. அதே ஆண்டு டிசம்பர் 22 நள்ளிரவு: புயல், தனுஷ்கோடி இல்லை, பாம்பனிலிருந்து சென்ற ரயில் இல்லை, அதில் இருந்தவர்கள் இல்லை. லட்சக்கணக்கானவர் வரவேண்டிய துறை, ஒப்பந்த மை காய்வதற்குள் கடலுக்குள் போய்விட்டது. அவர்கள் பிறகு இராமேசுவரத்தில் வந்து இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். இராமானுஜம் என்ற கப்பல் அந்த வழியில் ஓடியது. அவர்களில் பலருக்கு அது போகும் வழி மட்டும் உள்ள பயணம். அங்கே பிறந்தவர்கள், இங்கே 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் தீ மூண்டதும் அந்தக் கப்பலும் நின்றது.

ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்று பெயர் மாறி, விரைவிலேயே உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்தது எம்.வி. சிதம்பரம். 1966இல் பிரான்சில் பஸ்தேர் என்ற பெயரில் கட்டப்பட்ட நல்ல கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று அதே பழைய தடம். 1980களின் நடுவில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்தது. பலர் இறந்தனர். அதோடு அந்தக் கப்பலும் முடிந்தது, நாகையின் வெளிநாட்டுப் பயணியர் போக்குவரத்தும் முடிந்தது. கடாரம் கொண்டவன் காலத்திலிருந்து பார்த்தால் ஆயிரம் ஆண்டுக்குச் சற்றுக் குறைவான தடம், ஒரு தீயில்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1956இல் கல்யாணமாகி ரஜூலாவில் போனவர். சுங்கை பட்டாணியில் குடித்தனம். கெடா மாநிலம், அதாவது கடாரம். பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு அங்கிருந்து பக்கம். 1968இல் ஒருமுறை வந்தார், 1981இல் சிதம்பரத்தில் ஒருமுறை. படகு கரையை விட்டதும் அம்மா கையசைத்தது எனக்கும் நினைவிருக்கிறது. அதுதான் அக்கா தங்கை கடைசியாகப் பார்த்துக்கொண்டது. விமானம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. தோட்டத்துக் கிராணி வீட்டுச் சம்பளத்தில் நாலு பேர் விமானமேற முடியுமா? கப்பலில் கீழ்த்தட்டு டிக்கெட்டில் பானை, பெட்டி, நாலு டின் பிஸ்கட், பிள்ளைகள் எல்லாம் அடங்கும். பின்னால் கட்டணம் மலிந்தபோது பெரியம்மாவுக்கு முழங்கால் வளையவில்லை. 2003இல் காலமானார். போன் வந்த காலம் என்பதால் சேதி மட்டும் அன்றே வந்துவிட்டது.

இன்று ஏன் நிற்பதில்லை

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கம்பெனிகள் மனம் வைத்தால் போதும், நாகை, இராமேசுவரம், தூத்துக்குடி என்று ஊர் ஊராக நிறுத்தலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் எண்ணியதுண்டு. கடல் அப்படி விடுவதில்லை.

முதல் தடை ஆழம். சென்னையே இயற்கைத் துறைமுகம் அன்று. மசூலா படகில் நனைந்து இறங்கிய ஊர் அது. செயற்கையாகக் கட்டிய துறைமுகத்தை 1881 புயல் சிதைக்க, மறுபடி கட்டினார்கள். தூத்துக்குடியிலும் 1974இல் புதிய ஆழ்துறைமுகம் வரும்வரை கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளியே நின்றன. சொகுசுக் கப்பலுக்கு அடியில் ஏழு மீட்டருக்கு மேல் நீர் வேண்டும். ஆதாம் பாலம் என்னும் சேது மேட்டில் இரண்டு மூன்று மீட்டரே பல இடங்களில். அதனால்தான் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பெரிய கப்பல் இலங்கையை ஒரு பிரதட்சணம் செய்துவிட்டுப் போகிறது. இதற்காகத்தான் 12 மீட்டர் ஆழமும் 167 கிலோமீட்டர் நீளமும் கொண்ட சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005 ஜூலை 2 அன்று மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டது. வழக்கு, நம்பிக்கை, சுற்றுச்சூழல் என்று பாதியில் நின்றது. 2023 சனவரியில் தமிழகச் சட்டப்பேரவை மீண்டும் தீர்மானம் போட்டது. மணலை அள்ளினால் மறுபடி மணல் வந்து சேராதா என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை திருப்தியான விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தூரம். மத்தியதரைக் கடலில் இரவு படுத்து எழுந்தால் அடுத்த ஊர், அடுத்த நாடு. இங்கே சென்னையிலிருந்து பினாங்குக்கு ஆயிரத்து முந்நூறு கடல் மைல். ரஜூலாவுக்கு ஐந்தாறு நாள். விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிற இந்தக் கால ஆட்களுக்கு ஐந்து நாள் நீலத் தண்ணீரைப் பார்க்கப் பொறுமை இல்லை. விமானத்தில் நாலு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வேறு.

மூன்றாவதுதான் மனிதர் கையில் உள்ளது. 2022 சூன் மாதம் சென்னையில் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த சொகுசுக் கப்பலின் நீண்ட பயணத்தில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. கப்பலில் சூதாட்டம் உண்டு என்பதால் புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பி, அனுமதி கிடைக்கவில்லை. 2025 சூலையில்தான் ஒரு கப்பல் அங்கே வந்து நங்கூரமிட்டது. எதிர்ப்பில் நியாயம் இருந்ததா என்பது வேறு பேச்சு. துறையில் இறங்குபவனிடம் அந்த ஊருக்கு எதிர்பார்ப்பு ஏதும் இல்லாவிட்டால், ஊர் ஏன் அவனை வரவேற்க வேண்டும்? நாகைக்கு ரஜூலா வந்தால் படகுக்காரனுக்குக் கூலி, வண்டிக்காரனுக்கு வாடகை, சத்திரத்துக்கு ஆள், ஒவ்வொரு தெருவிலும் யாரோ ஒருவர் வீட்டுக்குச் சேதி. மாலையில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகும் கப்பலால் இதெல்லாம் நடக்குமா?

நார்வே நாட்டில் ஒரு வழி உண்டு. 1893இல் தொடங்கி, இன்று பெர்கனிலிருந்து வடகோடி கிர்கெனெஸ் வரை கரையோரமாக 34 துறைகளில் நின்று போகும் கப்பல். தபால், மீன், உள்ளூர்க்காரர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி எல்லாரும் ஒரே கப்பலில். ஊர்க்காரருக்கு அது பஸ். வந்தவருக்கு அது உலாக் கப்பல். நம்மிடம் இதற்கு நெருங்கிய ஒன்று இருக்கிறதென்றால் அது சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பல்தான். ஏறத்தாழ மூன்று நாள். பங்க் படுக்கை, சாம்பார் சாதம். 2024இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் உள்ள பெயர், ஆனால் இடம் வேறு. போகட்டும். அந்தக் கப்பலை நிக்கோபார் தொட்டு, பினாங்கு வரை நீட்டினால் மாநக்கவாரமும் கடாரமும் ஒரே டிக்கெட்டில் வரும். இது என் ஆசை. அரசுத் திட்டம் எதுவும் அல்ல.

பக்கத்துத் துறைக்குச் சிறிய கலம் என்று பெரிப்ளூஸ் பிரித்துச் சொன்னதை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? நடந்திருப்பதும் அதுதான். 2011 சூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற பெரிய கப்பலை விட்டார்கள். ஆறு மாதம் தாங்கவில்லை. 2023 சூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளைத் தொட்டது; போரில் நொறுங்கிக் கிடந்த காங்கேசன்துறையில் அப்படியொரு கப்பலைப் பார்க்க வந்தவர்கள் ஏராளம். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியாபாணி என்ற சிறிய கப்பல் புறப்பட்டது. ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடியது. நூற்றைம்பது பேர் ஏறலாம். அறுபது கடல் மைல், நாலு மணி நேரம். நீச்சல் குளமும் கிடையாது, நாடக அரங்கும் கிடையாது.

2025 மார்ச்சில் அம்மாவை அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து காரைக்கால் வண்டியில் போனேன். 87 வயதில் பாஸ்போர்ட் எதற்கு என்று அதற்கு முன்பு வீட்டில் எல்லாரும் சண்டை போட்டாயிற்று. இப்போது படகு, ஏணி எதுவும் இல்லை. கடுவையாற்றுக் கரையிலேயே கப்பல் நிற்கிறது, நடந்தே ஏறலாம். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, கலங்கரை விளக்கம் சின்னதாகப் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எனக்குத்தான் தலை சுற்றிக் குமட்டிக்கொண்டு வந்தது. பையைத் துழாவி, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"கீறி மோந்து பாரு. ரஜூலாவுல போறவங்க எல்லாம் இதை வச்சிருப்பாங்க. அக்காவுக்கு நான்தான் முடிஞ்சு குடுத்தேன்."

பையில் இன்னும் ஐந்து இருந்தன.